ஸ்கேன் செய்து போட்டால் போதாதா? பழைய தமிழ் நூல்கள் இணையத்துக்கு வரும் கதை

பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றை இணையத்தில் தேடினால் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று பிடிஎஃப். பழுப்பேறிய பக்கங்களின் படம், ஓரத்தில் நூலக முத்திரை, சில பக்கங்களில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரலும் சேர்ந்தே வந்திருக்கும். இன்னொன்று எழுத்தாகவே இருக்கும் பிரதி: சொல் கொடுத்துத் தேடலாம், நகலெடுக்கலாம், போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம், பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வைத்துக் கேட்கலாம். பார்க்க முதலாவதுதான் அசல் மாதிரி இருக்கும், ஆனால் கணினியைப் பொறுத்தவரை அது வெறும் போட்டோ. அதில் ஒரு எழுத்து இருப்பதுகூட அதற்குத் தெரியாது. இந்த முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போவது என்னவோ ஒரு பொத்தானை அமுக்குகிற வேலை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். "நல்ல மெஷினாக வாங்கி எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிப் போட்டுவிட வேண்டியதுதானே, எதற்கு இத்தனை வருஷம்" என்று கேட்பார்கள். ஸ்கேன் பணம் இருந்தால் நடந்துவிடும். மெய்ப்புப் பார்ப்பதற்கு, அதாவது அசலோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவதற்கு, ஆள் வேண்டும், அதுவும் பழைய தமிழ் படிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள, காசு கேட்காத ஆள். தாமதம் முழுக்க அங்கேதான்.

இந்த மாதிரி வேலையின் முன்னோடி என்று எல்லோரும் காட்டுவது குட்டன்பர்க் திட்டத்தை. 1971 ஜூலை 4 அன்று, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த மைக்கேல் ஹார்ட், தனக்குக் கிடைத்த கணினி நேரத்தை வைத்து அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து மற்றவர்களும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார். அந்தக் கணினியில் சிற்றெழுத்தே கிடையாது, முழுக்கப் பேரெழுத்தில் அடித்தார். அப்புறம் ஏறக்குறைய இருபது வருஷம் ஆமை வேகம்தான். 1989இல்தான் பத்தாவது நூலான பைபிள் முடிந்தது. வேகம் பிடித்தது எப்போது என்றால், 2000இல் சார்லஸ் ஃப்ராங்க்ஸ் என்பவர் ஒரு புத்தகத்தை முழுதாக ஒருவர் தலையில் கட்டாமல் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பல பேருக்குக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தபோது. இன்றைக்கு ஒரு பக்கம், முடிந்தால் நாளைக்கு ஒன்று, அவ்வளவுதான் ஒருவரிடம் கேட்பது. இன்று குட்டன்பர்க்கில் 70,000-க்கும் மேற்பட்ட நூல்கள் இருப்பதற்கு இந்தப் பங்கீடு பெரிய காரணம். 1971க்கும் 2000க்கும் நடுவில் கணினி எவ்வளவோ வளர்ந்தது உண்மைதான், ஆனால் வேலையைப் பிரித்துக் கொடுக்க வழி வந்த பிறகுதான் நூல்கள் குவிந்தன.

தமிழில் இது 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று, அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனன் துணையோடு ஆரம்பித்த மதுரைத் திட்டம். சங்கம் இருந்த ஊர் என்பதால் அந்தப் பெயர். முதல் நூல் திருக்குறள், வேறு எதை முதலில் போட முடியும்! பிறகு ஔவையார் நூல்கள், சங்க இலக்கியம், தேவாரம், கம்பன், பாரதி, கல்கி என்று வளர்ந்தது. வேலை செய்தவர்கள் உலகத்தில் எங்கெங்கோ இருந்தார்கள். ஒருவர் ஒரு ஊரில் உட்கார்ந்து அடித்தால் இன்னொருவர் வேறொரு கண்டத்தில் சரிபார்த்தார். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் யார் உள்ளிட்டார், யார் மெய்ப்புப் பார்த்தார் என்று பெயர் இருக்கும், இந்தத் தலைப்புக் குறிப்பை நீக்காமல் யாரும் தாராளமாகப் பகிரலாம் என்ற ஒரு வரியும் இருக்கும். கேட்டது அது ஒன்றைத்தான். அந்த வரியைக் கடைசியில் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு இருந்த தொல்லை இப்போது கம்ப்யூட்டரைத் திறக்கிறவர்களுக்குப் புரியாது. 1998இல் தமிழ் எழுத்துக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட குறியாக்கம், அதாவது எந்த எழுத்துக்குக் கணினியில் எந்த எண் என்ற பட்டியல், கிடையாது. ஒவ்வொரு எழுத்துருவும் தனி ராஜ்ஜியம். ஒருவர் அடித்ததை இன்னொருவர் திறந்தால் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியும் கலந்த கூளம்தான் தெரியும். கல்யாணசுந்தரமே 'மயிலை' என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தவர். மதுரைத் திட்டத்தின் தொடக்க நூல்கள் அதில்தான் வந்தன, பிறகு தன்னார்வலர்கள் இணையத்திலேயே விவாதித்து உருவாக்கிய டிஸ்கி என்ற குறியாக்கம், கடைசியில் உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான யூனிகோடு. யூனிகோடு பட்டியலில் தமிழ் 1991இலேயே இடம் பிடித்திருந்தாலும், சாதாரண வீட்டுக் கணினியில் அது ஒழுங்காகத் தெரிவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அதாவது நூலைத் தட்டச்சு செய்ததோடு வேலை முடியவில்லை. குறியாக்கம் மாறும்போதெல்லாம் மொத்த நூலகத்தையும் மாற்றி மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது. இந்த மாற்றத்தில் விழுந்த ஓட்டைகள் சில கோப்புகளில் இன்னமும் இருக்கின்றன.

எழுத்துணரி, அதாவது ஓசிஆர், அப்போது தமிழுக்கு நம்பகமாக எதுவும் இல்லை. எல்லாம் கைத் தட்டச்சு. கையால் அடிப்பதில் வரும் பிழைகளுக்கு ஒரு குணம் உண்டு. அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே சொல்லில் தொடங்கினால் கண் ஒன்றைத் தாண்டிவிடும், ஒரு வரி முழுசாகக் காணாமல் போகும், மீதி வாசகம் பிழையில்லாமல் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஏடு எழுதியவர்களும் அச்சு அசலாக இதே தப்பைச் செய்திருக்கிறார்கள். உ.வே.சா.வும் சி.வை. தாமோதரம் பிள்ளையும் ஒரே நூலுக்குப் பல ஏடுகளைத் தேடி அலைந்தது, ஒரு ஏட்டில் விட்டுப்போனது இன்னொன்றில் இருக்கும் என்பதால்தான். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது தாமோதரம் பிள்ளை, ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது என்று பதிப்புரையில் புலம்பியிருப்பார். இப்போது அந்த நிலைமை காகிதத்துக்கு வந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சான புத்தகங்களில் அமிலம் இருப்பதால், அலமாரியில் சும்மா இருந்தாலே தாள் நொறுங்கிப்போகிறது. அவசரம் நிஜமானது. ஸ்கேன் முதலில் நடக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் ஸ்கேன் மட்டும் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய மின் நூலகம் என்று 2000களில் அரசு ஆதரவோடு நடந்த பெரிய திட்டமே சாட்சி. லட்சக்கணக்கான புத்தகங்கள், பல மொழிகளில். பக்கம் விட்டுப்போனவை, கோணலாக விழுந்தவை, அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தமிழ் நூல்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில் மனம்போனபடி எழுதி வைத்திருந்தார்கள், 'ழ' ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் வேறு மாதிரி. புத்தகம் உள்ளே இருக்கும், ஆனால் தேடினால் வராது. பிறகு அந்தத் தளமே மூடப்பட்டது. அதற்குள் கார்ல் மலமூத் என்ற அமெரிக்கர் பெரும்பகுதியை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் நகலெடுத்து வைத்ததால் இன்றும் பார்க்க முடிகிறது. பூட்டிய அலமாரிக்குள் இருப்பதற்கும் பெயர் தப்பாக எழுதிய பிடிஎஃப்புக்குள் இருப்பதற்கும் படிக்கிறவனுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

2015-16 வாக்கில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கூடிவந்தன. கூகுள் டிரைவில் தமிழுக்கும் ஓசிஆர் கிடைத்தது. அது அதற்கு முன்னால் இருந்தவற்றோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு நன்றாக இருந்தது. இன்னொன்று, தமிழ் இணையக் கல்விக்கழகம் தான் ஸ்கேன் செய்து வைத்திருந்த நாட்டுடைமை நூல்களில், அதாவது அரசு உரிமை பெற்றுப் பொதுவாக்கிய நூல்களில், 2,000-க்கும் மேற்பட்டவற்றை யாரும் பயன்படுத்தலாம் என்ற கட்டற்ற உரிமத்தில் கொடுக்க, தமிழ் விக்கி ஆர்வலர்கள் அவற்றை விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான விக்கிமூலத்தில் ஏற்றினார்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அத்தனை பக்கங்களையும் தானியங்கியாக ஓசிஆருக்கு அனுப்பி, வந்த எழுத்தைப் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிவிட்டார்கள். பல லட்சம் பக்கங்கள். இயந்திரம் செய்ய வேண்டியதை இயந்திரம் செய்து முடித்துவிட்டது. அதற்குப் பிறகு வருஷக்கணக்காக நடந்துகொண்டிருப்பது கண்ணால் செய்யும் வேலை.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால்தான் அது என்ன வேலை என்று விளங்கும். விக்கிமூலத்தில் ஒரு பக்கத்தைத் திருத்தத் திறந்தால் இடப்பக்கம் ஓசிஆர் கொடுத்த எழுத்து, வலப்பக்கம் அசல் பக்கத்தின் படம். பக்கத்துக்கு 1,500 எழுத்து என்று வைத்துக்கொண்டு, 99 சதவீதம் சரியாக வந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. கணக்குப் பார்த்தால் பக்கத்துக்கு 15 பிழை. 200 பக்கப் புத்தகத்தில் 3,000. இவற்றில் பாதி பார்த்தவுடன் தெரியும். பழைய அச்சில் 'ர'வும் துணைக்காலும் ஒன்று போலவே இருக்கும், ஆகவே 'மரபு' என்பது 'மாபு' என்று வந்திருக்கும், அதைத் திருத்த யாரும் புலவராக வேண்டியதில்லை. ஆனால் 'நரகம்' என்பது 'நாகம்' என்று வந்திருந்தால்? இரண்டும் சரியான சொல், சொற்பிழை திருத்தியும் வாயைத் திறக்காது. 'தரம்' 'தாம்' ஆகிவிட்டாலும் அதே கதை. அச்சில் மை சரியாகப் படியாமல் ஒரு புள்ளி விழவில்லை என்றால் 'கல்வி' 'கலவி' ஆகிவிடும். பிள்ளைகளுக்கு எழுதிய நீதி நூலில் அப்படி ஒன்று தப்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

1978க்கு முந்தைய புத்தகம் என்றால் இன்னொரு படி கூடுதல். அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் 13 எழுத்துகளின் வடிவம் மாறியது: பழைய ணா, றா, னா, கொம்பு முளைத்த லை, ளை, ணை, னை எல்லாம். அதற்கு முன் அச்சானவற்றில் இவை பழைய வடிவத்தில்தான் இருக்கும், இளம் தன்னார்வலர்கள் பலர் முதலில் இதைப் படிக்கக் கற்க வேண்டும். பக்க எண்ணும் பாட்டு எண்ணும் தமிழ் எண்களில் இருக்கும். ௧ பார்க்கக் 'க' மாதிரி, ௨ 'உ' மாதிரி, ௭ 'எ' மாதிரி, ௮ 'அ' மாதிரி, ஆக 28ஆம் பாட்டின் தலையில் 'உஅ' என்று ஒரு அர்த்தமில்லாத சொல் உட்கார்ந்திருக்கும். வரிக் கடைசியில் சொல் உடைந்தால் தமிழ் அச்சில் இணைப்புக்கோடு போடுகிற வழக்கம் இல்லை, ஆகவே எங்கே சேர்ப்பது, எங்கே இடைவெளி விடுவது என்பதைப் படித்துப் பொருள் புரிந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

கண்ணுக்கே தெரியாத பிழையும் உண்டு. 'கௌதமன்' என்பதை எப்படி அடிப்பீர்கள்? ஔகாரக் குறியைப் போட்டு அடிக்கலாம், 'கெ'யும் 'ள'வும் தனித்தனியாகச் சேர்த்து 'கெளதமன்' என்றும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றாகவே தெரியும். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொல், ஒன்றைத் தேடினால் மற்றது வராது. மெய்ப்புப் பார்க்கிறவர் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தாலும் இது சிக்காது. இதற்கென்று எழுதிய நிரலை ஓட்டித்தான் பிடிக்கிறார்கள். கண்ணால் செய்கிற வேலை என்று மேலே சொன்னேன், இந்த ஒரு இடத்தில் இயந்திரத்துக்குத்தான் மதிப்பெண்.

சரி, ஒருவர் பார்த்துவிட்டார். அது சரியாக இருக்கிறது என்று யார் சொல்வது? விக்கிமூலத்தில் இதற்கு ஒரு நிற ஏற்பாடு இருக்கிறது. ஓசிஆர் மட்டும் ஆன பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள், இரண்டாவது ஆள் பார்த்து ஒப்புக்கொண்டால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, மென்பொருளே விடாது. எனக்கு இந்த முழு அமைப்பிலும் பிடித்த விதி இதுதான், ஏனென்றால் தான் திருத்தியதில் தன் கண்ணுக்குப் பிழை தெரியாது என்பது பத்திரிகையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறதென்றால், சிவப்பை மஞ்சளாக்க ஆள் கிடைக்கும், மஞ்சளைப் பச்சையாக்க ஆள் கிடைக்காது. முதல் ஆளுக்குப் புதிதாக ஏதோ செய்த திருப்தி உண்டு; இரண்டாவது ஆள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு காற்புள்ளியைச் சரிசெய்துவிட்டு எழுந்து போக வேண்டும். 2020இல் இந்திய மொழி விக்கிமூலங்களுக்கு மெய்ப்புப் போட்டிகள் நடத்தினார்கள். பக்க எண்ணிக்கை ஏறியது, புது ஆட்களும் வந்தார்கள். புள்ளிக் கணக்கு வந்துவிட்டால் அவசரமும் கூடவே வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதைவிட எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. பழைய நூலை எடுத்து இணையத்தில் போடும்போது, பாட்டை மட்டும் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுவது. உ.வே.சா. 1894இல் வெளியிட்ட புறநானூற்றை எடுத்துக்கொண்டால், அதில் பாட்டும் பழைய உரையும் இருப்பது சரி, அவர் முகவுரையில் எந்த எந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்று சொல்கிறார், அடிக்குறிப்பில் எந்த ஏட்டில் எந்தச் சொல் வேறாக இருந்தது என்று பாடவேறுபாடு தருகிறார். நூலின் நம்பகத்தன்மையே அங்கேதான் இருக்கிறது. தட்டச்சு செய்கிறவருக்கு அது சின்ன எழுத்து, சலிப்பூட்டும் பகுதி, விட்டுவிடலாம் என்று தோன்றும். விட்டுவிட்டால் இணையத்தில் இருக்கும் புறநானூறு எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்பதே தெரியாமல் போய், இரண்டு தளங்களில் இரண்டு விதமாக ஒரு வரி இருந்தால் எது அச்சுப்பிழை, எது பாடவேறுபாடு என்று சொல்ல வழியே இருக்காது. பக்கப் படத்தையும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் விக்கிமூல முறை இந்த விஷயத்தில் மேல். சந்தேகம் வந்தால் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

பதம் பிரிப்பதும் இதே வகைத் தலைவலி. திருக்குறளில் 'எல்லாம்' என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்று தேடுகிறீர்கள். முதல் குறளில் இருக்கிறது, ஆனால் 'எழுத்தெல்லாம்' என்று புணர்ந்து இருப்பதால் அங்கே தனி 'எ' கிடையாது, தேடல் அதைத் தாண்டிப் போய்விடும். அப்படியானால் பிரித்துப் போட வேண்டியதுதானே? பிரிப்பதே உரை சொல்வதுதான். 'பலகையொலி' என்பதைப் பலகை ஒலி என்றும் பிரிக்கலாம், பல கை ஒலி என்றும் பிரிக்கலாம் என்று இலக்கண வகுப்பில் படித்திருப்போம். சங்கப் பாட்டில் இப்படி எத்தனையோ இடங்கள் உண்டு. ஆகவே பொறுப்பாகச் செய்கிறவர்கள் மூலம் உள்ளபடி ஒன்று, பதம் பிரித்தது ஒன்று என்று இரண்டும் வைக்கிறார்கள். வேலை இரட்டிப்பு.

அடுத்து உரிமைப் பிரச்சினை. தொல்காப்பியருக்குப் பதிப்புரிமை கிடையாது, அதில் சிக்கல் இல்லை. அதற்கு உரை எழுதியவருக்கு உண்டு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். 1957 சட்டத்தில் 50 ஆண்டுகள்தான் இருந்தது, 1941இல் இறந்த தாகூரின் படைப்புகள் பொதுவுக்கு வர இருந்த நேரத்தில்தான் பத்து ஆண்டு கூட்டினார்கள், 1992இல் அது திருத்தமாகச் சட்டத்தில் ஏறியது. இதன்படி 1974இல் காலமான ஒருவர் எழுதிய திருக்குறள் உரையை 2035 ஜனவரிக்கு முன் தொட முடியாது. இணையத்தில் உலவும் குறள் உரைகளில் எத்தனை இந்தக் கணக்குக்கு உட்பட்டவை என்று யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது, நாட்டுடைமை. அரசு ஆசிரியரின் வாரிசுகளுக்கு ஒரு தொகையைக் கொடுத்து நூல்களைப் பொதுவாக்கிவிடும். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புகளுக்கு உரிமை பெற்றதிலிருந்து தொடங்கும் மரபு இது. கல்கி இறந்தது 1954 டிசம்பரில், சட்டக் கணக்குப்படி 2015இல்தான் அவர் எழுத்து பொதுவுக்கு வந்திருக்கும், நாட்டுடைமையானதால் பல ஆண்டுகள் முன்பே பொன்னியின் செல்வனை மதுரைத் திட்டத்தில் படிக்க முடிந்தது. தன்னார்வலர்களுக்கு இது பெரிய வரம். அதே நேரம் இதில் ஒரு பக்கவிளைவு உண்டு: நாட்டுடைமைப் பட்டியலில் பெயர் வந்த ஆசிரியர்களின் நூல்கள் குவிகின்றன, பெயர் வராத, வாரிசு யாரென்றே தெரியாத ஒருவரின் நல்ல புத்தகம் யாரும் தொடாமல் கிடக்கிறது. அனுமதி கேட்கலாம் என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. இலங்கையில் 70 ஆண்டு. ஒரு நாட்டில் பொதுவானது இன்னொரு நாட்டில் இல்லாமல் போகலாம். குட்டன்பர்க் திட்டமே இதில் மாட்டியது. தாமஸ் மன் உள்பட மூன்று ஜெர்மன் ஆசிரியர்களின் 18 நூல்கள் தொடர்பாக 2018இல் ஃப்ராங்ஃபர்ட் நீதிமன்றத்தில் தீர்ப்பு எதிராக வர, அவர்கள் ஜெர்மனிக்கே தளத்தை மூடிவிட்டார்கள். 2021இல் சமாதானமான பிறகுதான் திறந்தது.

இலங்கை என்றதும், ஈழத்து அச்சுப் பொருள்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கும் 'நூலகம்' என்ற திட்டத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1981இல் மே 31 இரவு வைத்த தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது, சுமார் 97,000 புத்தகங்களும் சுவடிகளும் போயின. 'நூலகம்' திட்டம் 2005இல் தொடங்கியது. அங்கே முன்னுரிமை வேறாக இருப்பதற்குக் காரணம் புரிந்துகொள்ளக்கூடியது: எழுத்தாக்குவது பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஒரு நகலாவது வேறு இடத்தில் இருக்கட்டும். ஆகவே பெரும்பாலும் ஸ்கேன்தான், ஆனால் புத்தகத்தோடு நிற்காமல் செய்தித்தாள், சிற்றிதழ், பள்ளி ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், நினைவு மலர் வரை எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்த வகை அச்சுப் பொருளை மதித்து ஸ்கேன் செய்கிறவர்கள் குறைவு. ஒரு ஊரின் கடை, பள்ளிக்கூடம், அங்கே வாழ்ந்த மனிதர்கள் எல்லாம் பதிவாகியிருப்பது இலக்கியத்தில் அல்ல, அந்த மலர்களின் விளம்பரப் பக்கங்களில். ஸ்கேன் மட்டும் போதாது என்று இவ்வளவு நேரம் சொன்னவன்தான் சொல்கிறேன், 'நூலகம்' திட்டம் செய்தது சரியான முடிவு. அவர்கள் பட்டியலும் ஒழுங்காகத் தமிழில் போட்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தன்னார்வலர் என்றால் சம்பளம் இல்லை; சம்பளம் இல்லை என்றால் பிடித்ததைத்தான் செய்வார், அதைக் குறை சொல்ல முடியாது. விளைவு, திருக்குறள் நூறு இடத்தில் இருக்கும். நாவல்கள் சீக்கிரம் முடியும், ஏனென்றால் மெய்ப்புப் பார்க்கும்போதே கதை இழுத்துக்கொண்டு போகும். அகராதி, கணித நூல், பழைய வைத்திய நூல், பயிர்த்தொழில் கையேடு, நாடக மேடைக்காக அச்சடித்த பாட்டுப் புத்தகம் இவையெல்லாம் சிவப்பிலேயே நிற்கும். அட்டவணை இருந்தால் இன்னும் மோசம், நான்கு கட்டத்தில் தமிழ் எண்களோடு ஒரு பழைய அளவை வாய்பாட்டை விக்கி நிரலில் அமைக்க உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும், யாரும் வந்து பாராட்டப் போவதில்லை. இந்த மாதிரி நூல்களுக்குத்தான் அரசோ பல்கலைக்கழகமோ காசு செலவழித்துத் தட்டச்சு செய்விக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆர்வலர்கள் தானாகச் செய்துவிடக்கூடியதற்குத் திட்டம் போட்டு விழா எடுப்பதில் அர்த்தமில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இன்னும் எதற்கு ஆள் என்பது புதுக் கேள்வி. படத்தைக் கொடுத்தால் சரளமான தமிழில் எழுத்தைக் கொடுத்துவிடுகிறது, பழைய ஓசிஆரை விடப் பார்க்க எவ்வளவோ சுத்தம். சிக்கல் அந்தச் சுத்தத்தில்தான். பழைய ஓசிஆர் 'மாபு' என்று போட்டால் தப்பு என்று கண்ணில் அடிக்கும். இது தெளிவில்லாத இடத்தில் இருக்கக்கூடிய ஒரு சொல்லை யூகித்துப் போட்டுவிடும், வாக்கியமும் பொருந்தி வரும். அசலில் 'முயற்சித்தான்' என்று இல்லாமல் 'முயன்றான்' என்று இருந்திருந்தால்? பழைய எழுத்தில் உள்ள 'கோவில்', 'பிராமணாள்', 'ஸர்க்கார்' எல்லாம் இன்றைய வழக்குக்குச் சத்தமில்லாமல் மாறியிருந்தால்? கதை படிக்கிறவருக்கு நஷ்டமில்லை. அந்தக் காலத்து மொழியை ஆராய்கிறவருக்கு அந்தப் பிரதி உதவாது, உதவாது என்பதும் அவருக்குத் தெரியாது. வேகத்துக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் படத்தை வலப்பக்கம் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடும் வேலை குறையாது. பிழைகள் நல்ல உடுப்புப் போட்டு வருவதால் முன்பைவிட உன்னிப்பாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

பிழை ஒன்று கண்ணில் பட்டால் விக்கிமூலத்தில் நாமே 'தொகு' என்று போய்த் திருத்தலாம். மதுரைத் திட்டத்துக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். அதோடு அந்தப் பிழை ஒழிந்ததா என்றால் இல்லை. இந்தப் பிரதிகளை எடுத்துத்தான் எண்ணற்ற தளங்களும் போன் ஆப்களும் நடக்கின்றன, சிலர் விலை வைத்து மின்னூலாகவும் விற்கிறார்கள். பொதுவுக்கு வந்த நூல்தானே, எடுக்கட்டும், விற்கட்டும், அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அவர்கள் எடுத்தது என்றைக்கோ ஒரு நாள் இருந்த பிரதி. மூலத்தில் பிறகு திருத்தியது எதுவும் அங்கே போய்ச் சேராது, பத்து வருஷம் முன்னால் விட்டுப்போன வரி அங்கே இன்றைக்கும் விட்டுப்போயே இருக்கும். எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரிந்தாலாவது போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்காகத்தான் அந்தத் தலைப்புக் குறிப்பு, நகலெடுக்கிறவர்கள் முதலில் வெட்டுவதும் அதைத்தான்.